குள்ளம்மாளுக்கு ஒரு முன்கதை

முன்கதை வேணுமாம். எட்டு வருசம் எழுதி, ஆறு நோட்டு தீர்ந்து, டைப் அடிச்சுக் கொண்டுபோய்க் குடுத்த நாவலைப் படிச்சுட்டு அந்தப் புண்ணியவானுங்க கண்டுபிடிச்ச ஒரே குறை அதுதான். முன்னுரை இல்லீங்க. அதை யாராவது பெரிய மனுசன் எழுதிக் குடுப்பாரு, ஒருத்தரும் படிக்க மாட்டாங்க. இது முன்கதை. கதை ஆரம்பிக்கிறதுக்கு முந்தி என்ன நடந்துச்சுன்னு, மொத அத்தியாயத்துக்கு முன்னாடி ஒரு நாலு பக்கம். அது இருந்தா புக்கு போடலாம், இல்லாட்டி யோசிக்கணும்னுட்டாங்க.

நான் ஆம்புலன்ஸ்ல நர்ஸா இருக்கறவ. பேரு எழிலரசி. தொப்பூர் கணவாயில லாரி கவுந்துச்சுன்னா ஓடிப் போய் நிக்கிறது எங்க வண்டி. பதினொரு வருசமா இதே பொழப்பு. ரோட்டுல கெடக்கிறவன்கிட்ட உங்க பூர்வீகம் என்னான்னு கேட்டுக்கிட்டு நின்னா ஆள் போயிருவான். மூச்சு வருதா, ரத்தம் எங்கிருந்து போவுது, அவ்வளவுதான் பாக்கணும். என் நாவலும் அப்படித்தான் தொடங்கும். "லாரி கவிழ்ந்த சத்தம் கேட்டதும் குள்ளம்மாள் முதலில் அடுப்பை அணைத்தாள்." இதுதான் மொத வரி. குள்ளம்மாள்ங்கறவ கணவாய் எறக்கத்துல இட்லிக் கடை வெச்சிருக்கிற பொம்பள. டீசல் ஒழுகி வரும், ஒரு பொறி பட்டா அத்தனை பேரும் போய்ச் சேர வேண்டியதுதான்னு தெரிஞ்சவ. அடுப்பை அணைச்சுட்டு, தண்ணிக் குடத்தை இடுப்புல வெச்சுக்கிட்டு ஓடுவா. நாவல் முழுக்க அவதான்.

எங்க ஊரு இலக்கிய வட்டம் இருக்குதே, வட்டம்னு பேரு, உட்கார்றது என்னமோ நீட்டுப் பெஞ்சுல. அதியமான்கோட்டை மெயின்ரோட்டுல தீர்த்தகிரி உரக்கடை மாடியில, மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை கூடுவாங்க. கீழ யூரியா மூட்டை, மேல இலக்கியம். பூச்சி மருந்து வாடை மூக்குல ஏறும். அந்த வாடையில ஒக்காந்துக்கிட்டு மண் வாசனையைப் பத்தி ரெண்டு மணி நேரம் பேசுவாங்க, கொஞ்சங்கூட கூச்சம் இருக்காது. தலைவரு கிருஷ்ணப்பன் சாரு. காலேஜ்ல தமிழ் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு, சொந்தமா ஒரு பதிப்பகம் வெச்சிருக்காரு. உரக்கடை தீர்த்தகிரி சாரு அச்சுச் செலவை ஏத்துக்கறவரு. மீதி அஞ்சாறு பேரும் தலையாட்டறவங்க.

இந்தப் பக்கத்துல என்னை மாதிரி ஒருத்திக்கு புக்கு வரணும்னா இவுங்க வாசல்லதான் போய் நிக்கணும். நின்னேன். எனக்கு அந்தப் புக்கு வேணும். அட்டையில என் பேரும், உள்ள குள்ளம்மாளும் இருக்கிற ஒரு புக்கை ஒரே ஒரு தடவை கையில புடிச்சுப் பாத்துரணும். அந்த ஆசைக்காகத்தான் ரெண்டு வருசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு அந்தப் பெஞ்சுல ஒக்காந்திருந்தேன்.

அன்னிக்கு என் நாவலைப் பத்தித்தான் பேச்சு. கிருஷ்ணப்பன் சாரு கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. அவரு கண்ணாடியைக் கழட்டினா அரை மணி நேரத்துக்குக் கொறையாது.

"எழிலரசி, நாவல் நல்லா வந்திருக்கும்மா. ஆனா வாசகன் எடுத்த எடுப்புலயே விபத்துல வந்து விழறான். அவன் நிக்கறதுக்குத் தரை வேணும். ஒரு பாத்திரம்னா அதுக்கு வேர் வேணும். அதனால முன்கதை அவசியம். இது என் அபிப்பிராயம் இல்லை, நாவல் கலையோட இலக்கணம்."

இலக்கணமாம். இந்த மனுசன் ஆயுசுல ஒரு நாவல் எழுதினதில்லை. போட்டது ஒரே ஒரு கவிதைத் தொகுப்பு, அதுலயும் பாதி கல்யாண வாழ்த்து.

பக்கத்துல ஆண்டிங்கறவரு, நெலம் அளக்கற ஆபீசுல இருந்தவரு, "முன்கதைங்கறது வூட்டுக்கு வாசப்படி மாதிரிங்க"ன்னாரு. இன்னொருத்தரு ஜன்னல்னாரு. அவரு பக்கத்துல இருந்தவரு அஸ்திவாரம்னாரு. கொஞ்சம் விட்டிருந்தா கக்கூசு வரைக்கும் கட்டி முடிச்சிருப்பாங்க. குள்ளம்மாள் ஏன் மொதல்ல அடுப்பை அணைச்சான்னு மட்டும் ஒரு ஆளு கேக்கல.

"சரிங்க சார், முன்கதையில என்ன எழுதணும்?"ன்னு கேட்டேன்.

கிருஷ்ணப்பன் சாரு தீர்த்தகிரி சாரைப் பாத்தாரு. தீர்த்தகிரி சாரு தொண்டையைச் செருமினாரு.

"பெருசா ஒண்ணும் இல்லீங்கம்மா. இந்தக் குள்ளம்மா எந்த ஊர்ல பொறந்தா? அவங்கப்பன் என்ன பண்ணிக்கிட்டு இருந்தாரு? எந்த வகையறா? கொலதெய்வம் எது? அதெல்லாம் தெரிஞ்சாத்தானே படிக்கறவனுக்கு ஒரு இது இருக்கும்."

ஓ. அந்த இது.

அடச்சீ, இதுக்கா இவ்வளவு சுத்து! வேராம், தரையாம், இலக்கணமாம். சுத்தி வளைச்சு எங்க வந்து நின்னாங்கன்னு பாத்தீங்களா?

இந்த முன்கதை எனக்கு மனப்பாடம். கல்யாணமான புதுசுல தர்மபுரியில வாடகைக்கு வூடு தேடி அலைஞ்சோம். போற எடத்துல எல்லாம் இதேதான். எந்த ஊரும்மா? கம்பைநல்லூர் பக்கங்க. கம்பைநல்லூர்ல எங்க? கொஞ்சம் உள்ளாரங்க. உள்ளாரன்னா? கொலதெய்வம் எதும்மா? முனியப்பங்க. அந்தக் கேள்வியில மட்டும் அவுங்களுக்கு ஒண்ணும் தேறாது, ஏன்னா இந்தப் பக்கம் முனியப்பன் எல்லாருக்கும் சாமி. ஒடனே அடுத்த கேள்வி, அப்பா பேரு? அங்க நான் மாட்டிக்குவேன், பேரை வெச்சே எந்தத் தெருன்னு கணக்குப் போட்டுருவாங்க. எங்கப்பா பேரு ஆரோக்கியராஜ். அவரு ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போவாரு, எங்கம்மா முனியப்பனுக்குச் சேவல் அறுக்கறதைக் கடைசி வரைக்கும் வுடல. அப்பா பேரைச் சொன்னதும் வூட்டுக்காரருக்கு திடீர்னு ஞாபகம் வரும், "அட, எங்க சொந்தத்துல ஒருத்தரு குடி வர்றேன்னாரும்மா, மறந்தே போச்சு." ஒம்பது வூட்டுல இதே மறதி. சாதி என்னான்னு நேரடியா ஒரு வாய் கேட்டதில்லை. ரொம்ப நாகரிகமான ஜனங்க!

"அதெல்லாம் எதுக்குங்க தெரியணும்?"ன்னு தீர்த்தகிரி சாரைக் கேட்டேன்.

"எனக்குத் தெரியணும்னு இல்லீங்கம்மா. எனக்குப் படிக்கறப்பவே தெரிஞ்சு போச்சு. ஏழாவது அத்தியாயத்துல அந்த டிரைவரு சாகறப்ப, குள்ளம்மா அவன் தலையை மடியில வெச்சுக்கிட்டுத் தண்ணி ஊத்தறா பாருங்க. நெஜமா சொல்றேன், அழுதுட்டேன். அந்தத் தண்ணி என் தொண்டையிலயே எறங்குச்சு. எங்க பெரியம்மா அப்படித்தான், யாரு வந்தாலும் சொம்புத் தண்ணியோட நிக்கும். முனியப்பனுக்குச் சேவல் அறுக்கறது கூட அப்படியே எங்க வூட்டு முறை. இது நம்ம ஜனம்ங்கம்மா. நெலத்தை எழந்துட்டு தொப்பூருக்கு வந்த குடும்பம்னு நாலு பக்கம் போட்டீங்கன்னா நம்ம ஆளுங்க கொண்டாடிருவாங்க. வேணும்னா எங்க பூர்வீகத்தைச் சொல்றேன், அதையே எழுதிக்கங்க."

சொல்றப்ப அந்த ஆளுக்குக் கண்ணு கலங்கியிருந்துச்சு. நடிப்பு இல்லை. நான் உருகி உருகி எழுதினவளை, ஒரு சொட்டுக் கண்ணீரு வுட்டுட்டு, அவரு வூட்டுப் பத்திரத்துல எழுதிக்கப் பாக்கறாரு.

நம்ம ஜனம், நம்ம ஆளுங்கன்னு என்னையும் சேத்துத்தான் சொன்னாரு. அதுக்குக் காரணம் நான்தான். மொத நாளு வட்டத்துக்கு வந்தப்ப, "கம்பைநல்லூர்ல பெரிய தெருங்களா?"ன்னு கேட்டாரு. அவுங்க ஜனம் இருக்கிற தெருவான்னு அர்த்தம். நான் சும்மா சிரிச்சு வெச்சேன். அதையே ஆமான்னு எடுத்துக்கிட்டு, எனக்கு ஒரு அப்பனையும் ஒரு தென்னந்தோப்பையும் அவுங்களே ஒதுக்கிட்டாங்க. அன்னிக்காவது வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம். "யோசிச்சுச் சொல்றேங்க"ன்னுட்டு எறங்கி வந்துட்டேன்.

எங்க வூட்டுக்காரரு முருகேஷ் ஹைவே ஓரமா பஞ்சர் கடை வெச்சிருக்காரு. நேரா அங்க போய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஒக்காந்து, கிருஷ்ணப்பன்ல ஆரம்பிச்சு ஆண்டி வரைக்கும் ஒருத்தரை வுடாம திட்டித் தீத்தேன். முருகேஷ் ஒரு டியூபைத் தண்ணித் தொட்டியில முக்கி, குமிழு எங்க வருதுன்னு பாத்துக்கிட்டே இருந்தாரு.

"நல்ல நாவல்னா நேரா விஷயத்துக்கு வரணுங்க. முன்கதை எதுக்கு? அதெல்லாம் எழுதத் தெரியாதவன் பண்றது"ன்னேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா உன் மொத நோட்டுல இருந்துச்சே?"

"என்ன இருந்துச்சு?"

"முன்னாடி நாலு பக்கம். கெணத்துக் கதை. நான் படிச்சேன். நீதான் கிழிச்சுட்ட."

"கதைக்குத் தேவையில்லைன்னு எடுத்தேங்க."

குமிழு வந்த எடத்துல விரலை வெச்சு அமுக்கிக்கிட்டு என்னை நிமிந்து பாத்தாரு. "அந்த வட்டத்துக்குப் போவ ஆரம்பிச்ச மாசந்தான் கிழிச்ச. பேருக்கு முன்னாடி இருந்த இனிசியலையும் அப்பத்தான் எடுத்த. அவுனுங்க கேக்கறது அயோக்கியத்தனம், சரி. நீ கிழிச்சது எதுல சேத்தி?"

இந்த மனுசன் வருசத்துக்குப் பத்து வார்த்தை பேசுவாரு. அதுல ஒம்பது இப்படித்தான் வந்து குத்தும். கோவிச்சுக்கிட்டு வூட்டுக்கு நடந்தேன். நடக்க நடக்க எனக்கே என் மேல காறித் துப்பலாம் போல இருந்துச்சு. ரெண்டு வருசமா அவுங்களை மனசுக்குள்ள எத்தனை பேசியிருப்பேன், பொய்யனுங்க, வேசக்காரனுங்கன்னு. நான் என்ன பண்ணேன்? குள்ளம்மாளோட பொறப்பை மறைச்சு வெச்சுட்டு, அதுக்குக் கலைன்னு பேரு வெச்சேன். நேரா லாரியில ஆரம்பிச்சா வேகமா இருக்கும்னு எனக்கு நானே கதை வுட்டேன். வாடகை வூட்டுக்காரன்கிட்ட அப்பா பேரைச் சொன்ன வாய், அந்தப் பெஞ்சுல போய் ஒக்காந்ததும் மூடிக்கிச்சு.

கிழிச்ச பக்கம் நாலும் பீரோவுல ரேஷன் கார்டுக்கு அடியில இருந்துச்சு. தூக்கிப் போடவும் மனசு வரல பாருங்க. எடுத்துப் படிச்சேன். படிச்சு முடிச்சப்பத்தான் ஏழாவது அத்தியாயம் எனக்கே முழுசா வெளங்குச்சு. அடிபட்டவனுக்கு வாயில தண்ணி ஊத்தக் கூடாதுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. அது தெரிஞ்சும் ஏன் குள்ளம்மாளைத் தடுக்க எனக்குக் கை வரல, அவ ஏன் குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடறா, எல்லாம் அந்த நாலு பக்கத்துலதான் இருக்குது. அந்த முட்டாளுங்க தப்பான காரணத்துக்குக் கேட்டாலும் சரியானதைத்தான் கேட்டிருக்காங்க. அதை நெனைச்சா இன்னும் எரிச்சலா வந்துச்சு.

அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை போனேன். தீர்த்தகிரி சாரு வாசல் வரைக்கும் வந்து, "வாங்கம்மா, எழுதிட்டீங்களா?"ன்னு சிரிச்ச மூஞ்சியா கூட்டிக்கிட்டுப் போனாரு. அவரு கையாலயே பிளாஸ்க்குல இருந்து டீ ஊத்திக் குடுத்தாரு. குடிச்சு முடிச்சுட்டு, பேப்பரை விரிச்சுப் படிச்சேன்.

"குள்ளம்மாள் பிறந்தது ஊருக்குள் அல்ல. ஊர் முடிந்து, இரண்டு வயல் தாண்டி இருந்த காலனியில். காலனியில் கிணறு இல்லை. ஊர்க் கிணற்றில் அவர்கள் வாளி இறங்கக் கூடாது. கிணற்று மேட்டில் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். யாராவது இரைத்து ஊற்றினால் உண்டு. குள்ளம்மாளுக்கு ஒன்பது வயதில் ஒரு சித்திரை மாதம், காலையிலிருந்து பொழுது சாயும்வரை நின்றாள். எத்தனையோ பேர் வந்து இரைத்துக்கொண்டு போனார்கள். யாருக்கும் அன்றைக்கு ஊற்றத் தோன்றவில்லை. வெறும் குடத்தோடு திரும்பும்போது அவள் அழவில்லை. தன் குடத்தில் என்றைக்காவது தண்ணீர் இருந்தால், கேட்கிறவன் யார் என்று பார்க்காமல் ஊற்றுவேன் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்."

மீதி மூணு பக்கத்தையும் நிறுத்தாம படிச்சேன். முடிச்சு நிமிந்தா ஒருத்தரும் என்னைப் பாக்கல. ஆண்டி தன் செருப்பைப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

தீர்த்தகிரி சாருதான் மொதல்ல வாயைத் தொறந்தாரு. "குள்ளம்மா அப்படிப்பட்டவ இல்லீங்கம்மா."

"எப்படிப்பட்டவ இல்லீங்க?"

"இல்ல... நான்தான் முழுசும் படிச்சேனே. அவ பேசறது, நடந்துக்கறது, அந்தச் சுத்தம்... அவ வேறம்மா."

எட்டு வருசம் அவளை எழுதினவ நான். அவ யாருன்னு எனக்கே பாடம் எடுக்கறாரு அந்த ஆளு!

கிருஷ்ணப்பன் சாரு கண்ணாடியைக் கழட்டினாரு. "எழிலரசி, நானும் இந்த ஒரு மாசமா யோசிச்சேன். உன் மொத வரி எவ்வளவு வேகமா இருக்குது பாரு. லாரி கவிழ்ந்த சத்தம்! அதுக்கு முன்னாடி எதைக் கொண்டுபோய் வெச்சாலும் அந்த வேகம் கெட்டுரும். உண்மையில நல்ல நாவலுக்கு முன்கதை தேவையே இல்லை. இது என் அபிப்பிராயம் இல்லை, நாவல் கலையோட..."

"இலக்கணம்"னு நானே முடிச்சு வெச்சேன்.

ஆண்டி செருப்பைப் பாத்துக்கிட்டே, "வாசப்படி இல்லாட்டியும் வூடு வூடுதானுங்களே"ன்னாரு. போன மாசம் ஜன்னல்னவரும் அஸ்திவாரம்னவரும் ஆமாம் ஆமாம்னு தலையாட்டினாங்க. கட்டின வூட்டை அஞ்சே நிமிசத்துல இடிச்சுட்டாங்க, கெட்டிக்காரனுங்க.

"முன்கதையை எடுத்துரும்மா. மொதல்ல குடுத்தது எப்படி இருந்துச்சோ அப்படியே அடுத்த மாசம் அச்சுக்குப் போயிரும்"னாரு கிருஷ்ணப்பன் சாரு. "தீர்த்தகிரியும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

தீர்த்தகிரி சாரு பிளாஸ்க்கோட மூடியை இறுக்கித் திருகினாரு.

யோசிச்சுப் பாருங்க. முன்கதை இல்லாம புக்கு வேணும்னுதானே போன மாசம் கெடந்து துடிச்சேன்? அதையே இப்பத் தட்டுல வெச்சு நீட்டறாங்க. பேசாம தலையாட்டினா போதும், அடுத்த மாசம் கையில புக்கு. ஒரு நிமிசம் மனசு தடுமாறத்தான் செஞ்சுது, பொய் சொல்ல மாட்டேன். அந்த அட்டை கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. அதுல என் பேரு இருந்துச்சு, முன்னாடி ஒரு எழுத்து கொறைஞ்சு.

ஆண்டி சட்டைப் பையில இருந்த பேனாவைக் கேட்டு வாங்கினேன். பெஞ்சு மேல இருந்த நாவல் கட்டோட மொத பக்கத்துல, எழிலரசிக்கு முன்னாடி 'ஆ'ன்னு எழுதிப் புள்ளி வெச்சேன். கிழிச்ச நாலு பக்கத்தையும் அதுக்குக் கீழ சொருகினேன்.

"முன்கதை இருக்கும்ங்க சார்"னேன். "தீர்த்தகிரி சார், நீங்க மொத நாளு கேட்டீங்களே, பெரிய தெருவான்னு. இல்லீங்க. காலனி. எங்கப்பா பேரு ஆரோக்கியராஜ்."

"அதெல்லாம் நான் பாக்கறவன் இல்லீங்கம்மா"ன்னாரு. "ஆனா இந்த நாலு பக்கத்தோட போடறதுன்னா என்னால ஆவாதுங்க. ஊர்ல எனக்குன்னு ஒரு மரியாதை இருக்குது."

"போட வேணாங்க. வேற எங்கயாவது வரும், வராமலும் போவும், அது என் பாடு. ஆனா ஒண்ணு. ஏழாவது அத்தியாயத்துல தண்ணி உங்க தொண்டையில எறங்குச்சுன்னு இதே பெஞ்சுல ஒக்காந்து சொன்னீங்க. அது அந்தக் குடத்துத் தண்ணிதாங்க. ஊத்தினவ காலனிக்காரி. நீங்க குடிச்சு ஒரு மாசம் ஆச்சு சார், இனி துப்ப முடியாது."

அவரு கை அவரு கழுத்துக்குப் போச்சு. வேணும்னு வெச்சாரா, தானா போச்சான்னு எனக்குத் தெரியாது. ஆண்டிகிட்ட பேனாவைத் திருப்பிக் குடுத்துட்டு, நாவல் கட்டை எடுத்துக்கிட்டுப் படி எறங்கினேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு எனக்கு டூட்டி இருந்துச்சு.